மூன்றரை அடிப் பாதை

கெங்கம்மாவுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. ஆனாலும் பதிமூன்று வருஷமாக, திருவொற்றியூர் வார்ப்படக் கம்பெனியில் பன்னிரண்டரைச் சங்கு ஊதுகிறபோது அவள் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் கூடையை இறக்கியிருப்பாள். கூடையில் பதினெட்டுச் சாப்பாடு. பித்தளைத் தூக்கு, அலுமினியத் தூக்கு, நாலு பேருக்கு மட்டும் எவர்சில்வர் அடுக்கு. எது யாருடையது என்று எழுதி ஒட்ட வேண்டியதில்லை. கைப்பிடியில் வீட்டுப் பெண்கள் கட்டிவிட்ட துணிக் கிழிசலின் நிறமும் மூடி இடுக்கில் வரும் வாசனையும் அவளுக்குப் போதும். ஒருத்தன் வீட்டுக் கருவாட்டுக் குழம்பு இன்னொருத்தனிடம் போனதாகப் பேச்சு வந்ததில்லை.

ஐம்பத்தெட்டில் துறைமுகத்தில் மூட்டை சரிந்து அவள் புருஷன் லட்சுமணனுக்கு இடுப்பு போனது. அடுத்த மாதம் தூக்கிய கூடை அது. அப்போது பதினெட்டு வீடும் காலடிப்பேட்டைக்குள்ளேயே இருந்தன. அந்தத் தெருக்களை யாரும் திட்டம் போட்டு அமைக்கவில்லை. ஆனால் எங்கேயிருந்து எங்கே போவதானாலும் நாலு வழி இருந்தது. ஒரு தெருவில் பிணம் எடுத்தால் பக்கத்துத் தெரு. பக்கத்துத் தெருவில் கல்யாணப் பந்தல் என்றால் கிணற்றடிச் சந்து. அங்கே இரண்டு பேர் குடத்தை வைத்துக்கொண்டு சண்டை போட்டால் மாதா கோயில் வளாகத்துக்குள் புகுந்து அந்தப் பக்கம் வந்துவிடலாம். அரை மணி நேரத்தில் பதினெட்டும் கூடைக்குள் வந்துவிடும். கூடையை இறக்கினால் திரும்பத் தலைக்கு ஏற்ற, எந்த வாசலிலிருந்தும் ஒரு கை நீளும்.

மணலியில் எண்ணெய்க் கம்பெனி வரப் போகிறது என்ற பேச்சு கிளம்பியதும் ரயில் பாதைக்கு மேற்கே இருந்த தோட்டங்கள் எல்லாம் மனைகளாயின. காலடிப்பேட்டையில் வாடகையும் கூட்டமும் பொறுக்காதவர்கள் ஒவ்வொரு வீடாக அங்கே போனார்கள். கெங்கம்மாவின் சாப்பாடுகளும் அவர்களோடு போயின. கம்பெனி இருந்த இடத்திலேயே இருந்தது. வீடுகள்தான் தள்ளித் தள்ளிப் போயின. நடுவில் இருந்த தூரம் அவள் தலையில் ஏறியது.

அங்கே இரண்டு நகர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒரு காலத்தில் அது ஒரே கத்தரித் தோட்டம். அப்பன் செத்ததும் அண்ணன் தம்பி இரண்டு பேரும் கோர்ட்டுக்குப் போய்ப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். அண்ணன் தன் பாதியை மனை போட்டு நீலமேகம் நகர் என்று தன் பெயரையே வைத்துக்கொண்டான். தம்பி கிருஷ்ணப்பன் தன் பாதிக்குப் பெண்டாட்டி பெயரை வைத்தான். அது கெஜலட்சுமி நகர் ஆனது. அண்ணன் தெரு எதுவும் தம்பி தெருவைத் தொடக்கூடாது என்பதில் மட்டும் இரண்டு பேரும் ஒற்றுமையாக இருந்தார்கள். நீலமேகம் நகரின் தெருக்கள் எல்லையில் வந்து முட்டி நின்றன. கெஜலட்சுமி நகரின் தெருக்கள் முதுகைக் காட்டிக்கொண்டு வேறு திசையில் ஓடின. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வாய், மணலிக்குப் போகிற சாலையில். இரண்டு வாய்க்கும் நடுவில் ஒரு செங்கல் சூளையும் லாரிகள் நிற்கிற மைதானமும்.

இந்தக் கோணங்கித்தனத்தில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. நீலமேகம் நகர் மூன்றாம் தெருக் கடைசியில் விற்காமல் கிடந்த ஒரு மனை. அதன் பின்பக்கம் கெஜலட்சுமி நகரின் இரண்டாம் தெருவில் போய் முடிந்தது. காலி மனையின் வடக்கு ஓரமாக, பக்கத்து வீட்டு மதில் சுவரை ஒட்டி, ஆட்கள் நடந்து நடந்து ஒரு பாதை விழுந்திருந்தது. கெஜலட்சுமி நகரில் பதினொரு சாப்பாடு எடுத்துக்கொண்டு அந்தப் பாதையில் நடந்தால், வெற்றிலையை மென்று முடிப்பதற்குள் நீலமேகம் நகர் வந்துவிடும். அங்கே மிச்சம் ஏழு. அதற்கப்புறம் ரயில்வே கேட்டுக்கு ஓட வேண்டும். பன்னிரண்டேகாலுக்கு வரும் கூட்ஸ் வண்டிக்காகக் கேட்டைப் போட்டால் இருபது நிமிஷம் திறக்க மாட்டார்கள்.

ஒரு நாள் அந்தப் பாதையில் அவள் காலில் கருவேல முள் ஏறிவிட்டது. கூடையை இறக்கினால் ஏற்றிவிட ஆள் இல்லை. இறக்காமல் குனிய முடியாது. ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நின்றுகொண்டிருந்தாள். பால்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து கூடையைத் தாங்கிப் பிடித்த பிறகுதான் முள்ளைப் பிடுங்கினாள். அன்றைக்குச் சங்கு ஊதிக் கால் மணி கழித்துப் போய்ச் சேர்ந்தாள்.

கம்பெனி கேட்டில் கத்தியவன் இன்னாசி. வார்ப்புக்கு மண் அச்சு செய்கிறவன், கெஜலட்சுமி நகர்க்காரன். காலடிப்பேட்டை நாளிலிருந்து அவன் சாப்பாட்டைத் தூக்குகிறவள் அவள்தான்.

“இன்னாக்கா, ஊர்கோலம் வந்துகினு கீறியா? வவுறு காந்துது!”

முள் கதையைச் சொன்னாள். கொக்கு மாதிரி நின்றதை நடித்தும் காட்டினாள். பதினெட்டு பேரும் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தவனும் இன்னாசிதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவனும் மூன்று தோஸ்துகளும் ரயில்வே வேலியில் உடைந்து கிடந்த இரண்டு சிமெண்டுக் கம்பங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பாதை ஓரத்தில் நட்டு, அடியில் உலைக் கசடைக் கொட்டிக் கெட்டித்து, மேலே ஒரு கல் பலகையை வைத்தார்கள். கெங்கம்மாவை நிற்கவைத்து, அவள் தலையில் இருக்கும் கூடை நேராகப் பலகைக்கு நகரும்படி உயரம் பார்த்து வைத்த சுமைதாங்கி.

“கைய எட்த்து கும்புடு போட்டுக்கோக்கா. இனிமே உனக்கு எவன் தயவும் வோணாம்” என்றான் இன்னாசி.

“உயிரோட கீறப்பவே எனக்குக் கல்லு நட்டுட்டீங்களேடா பாவிகளா” என்று அவள் சொன்னதற்கும் சிரித்தார்கள்.

இது அறுபத்தேழில். எழுபத்தொன்றில், தை மாதம் முடிகிற சமயம், வேப்பமரத்தடியில் சோற்றைப் பிசைந்துகொண்டே இன்னாசி சொன்னான்:

“யக்கா, மனை வாங்கிட்டேன்.”

“மாதா கண்ணத் தொறந்துட்டாங்களா! எங்க நைனா?”

“உன் கல்லு கீதே, அந்த மனைதான்.”

அவள் தண்ணீர்ச் செம்பை அவன் பக்கம் நகர்த்தினாள். “சோக்கான எடம். காத்து வரும்” என்றாள்.

“முப்பது அடி அகலம். பக்கத்து வூட்டு மதில் வரைக்கும் நம்முதுதான்.” அவன் நிமிராமலே சொன்னான். “ஐரீனுக்கு ஒரு சமையக்கட்டு வோணும்கா. பதினோரு வருசமா வராண்டா மூலையில குந்திகினு ஆக்கறா. மழ வந்தா அடுப்புக்குக் கொடை புடிக்கிறா.”

“அத்த நான் பாக்கலியா? தெனம் அவ கையாலதானே வாங்கறேன்.”

“பாத போயிடும்…”

“போனா இன்னா? வேற வழி பொறக்கும். நீ துன்னு, ஆறுது.”

வேறு வழி பிறக்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அந்த மனையில் சுவர் எழும்பினால் அவள் கெஜலட்சுமி நகரின் வாய் வழியாக வெளியே வந்து, சூளையைச் சுற்றி, லாரிகளுக்கு நடுவே சாலையில் நடந்து, நீலமேகம் நகரின் வாய்க்குள் போய்த் திரும்பி வரவேண்டும். ஒரு மைலுக்கு மேலேயே இருக்கும். கூட்ஸ் வண்டி நிச்சயம் அவளை முந்திவிடும். சோறு ஆறிப் போகும், சங்கும் போகும். பதினெட்டு பேரில் பதினொரு பேரை விடவேண்டியதுதான். அந்தப் பதினொன்றில் இன்னாசியும் ஒருத்தன். ஏழு சாப்பாட்டுக் கூலியில் குடும்பம் ஓடாது.

சாயங்காலம் லட்சுமணன் பார்த்தான். “இன்னாமே, மூஞ்சி தொங்கிகினு கீது?”

“இன்னாசி மனை வாங்கிகிறான்.”

“நல்ல சமாச்சாரம்தானே?”

“நல்ல சமாச்சாரம்தான்.”

“அப்பால இன்னாத்துக்கு அளுவுற?”

“எவ அளுதா? வெங்காயம்யா.”

அவள் கையில் இருந்தது புளி. லட்சுமணன் அதைப் பார்த்தான்.

வீடு கட்ட வந்த கொத்தனார் உச்சிமாகாளி திருநெல்வேலிப் பக்கத்து ஆள். பட்டணம் வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. மனையின் மூன்று மூலைக் கல் இருந்தது. வடக்குப் பக்கத்து முன்மூலைக் கல்லைக் காணோம். அதில் அதிசயம் இல்லை. மனை போட்ட காலத்தில் நட்ட எல்லைக் கற்களில் பாதி அந்த வட்டாரத்தில் துணி துவைக்கிற கல்லாகப் போய்விட்டிருந்தன. மிச்சமிருந்த கல்லிலிருந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்த உச்சிமாகாளி சுமைதாங்கியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

அவர் ஊரில் சுமைதாங்கி என்றால் வயிற்றில் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணுக்காக வைப்பது. இறக்கிவைக்காமல் போன சுமையை அவளுக்காக வழிப்போக்கர்கள் இறக்கிவைக்கிறார்கள் என்று கணக்கு. ஊருக்குப் பொதுவான பாதையில்தான் வைப்பார்கள். எந்தக் கொத்தனும் அதன்மேல் கடப்பாரையை வைக்க மாட்டான். அவருக்குச் சந்தேகமே வரவில்லை. ஆனாலும், கூடையோடு வந்த கெங்கம்மாவைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டார்.

“தாயி, இது யாருக்கு வச்ச கல்லு?”

அவர் கேட்ட தினுசிலேயே, கையில் இருந்த துண்டிலேயே, அவர் நினைக்கிறது அவளுக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கும் அந்த வழக்கம் தெரியும். ‘எனக்குத்தான் வச்சாங்க, வூட்டுக்காரனே நட்டது’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவள் சொல்லவில்லை. கல் பலகையை உள்ளங்கையால் ஒரு முறை தடவினாள். கூடையைத் தலைக்கு நகர்த்திக்கொண்டு நடந்துவிட்டாள்.

உச்சிமாகாளி சுமைதாங்கிக்கும் இந்தப் பக்கம் கயிற்றைக் கட்டினார்.

அந்த இரண்டு வாரமும் கம்பெனியில் பெரிய வேலை ஒன்று வந்திருந்தது. இன்னாசிக்குத் தினமும் இரண்டு ஷிப்டு. மனைப் பக்கம் போக முடியவில்லை. சாப்பிடும்போது கேட்பான்: “வேல எப்டிக்கா போய்கினு கீது? பாத்தியா?”

“நடக்குது நைனா.”

“கல்ல எட்த்துட்டானா?”

“இன்னும் இல்ல.”

அவ்வளவுதான் பேச்சு. அவன் எதற்குக் கேட்டானோ தெரியாது, அவள் செம்பை அடுத்த ஆள் பக்கம் நகர்த்திவிடுவாள். பள்ளம் தோண்டினார்கள், கருங்கல் போட்டார்கள், செங்கல் வரிசை முழங்கால் உயரம் வந்தது. ஒவ்வொரு நாளும் அந்தச் செங்கல்லுக்கும் பக்கத்து மதிலுக்கும் நடுவில் நடக்கிறபோது, நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தப் பெரிய வேலை முடிந்து, மார்ச் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை இன்னாசிக்கு லீவு கிடைத்தது. காலை பத்தரை மணிக்கு ஐரீனை அழைத்துக்கொண்டு மனைக்கு வந்தான். ஐரீன் குச்சியால் தரையில் கோடு போட்டு, அடுப்பு இங்கே, அம்மி இங்கே, பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிட இங்கே என்று பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் எங்கேயோ இடித்தது. இன்னாசி டேப்பை எடுத்துப் பிடித்தான். இருபத்தாறரை அடி. இன்னொரு தரம் பிடித்தான்.

“யோவ் கொத்தனாரே, மூன்ற அடி எங்கய்யா?”

“பாதைக்கு விட்டிருக்குல்லா.”

“எவன் பாதைக்கு? எம் மனையா, ஊர் ரோடா?”

“சுமதாங்கி நிக்கே, பாக்கலியா? அதத் தொடலாமா? ஒரு வாயும் வயிறுமா போனவளுக்கு வச்சது…”

“யாருய்யா போனது? அத்த நட்டதே நான்தான்யா! இதோ, இந்தக் கையாலதான். எவளும் சாவல. உசுரோட கீறா. இன்னும் அர மணில இப்டிக்கா வருவா, நீயே பாரு!”

உச்சிமாகாளி தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சொன்ன நேரத்துக்குக் கெங்கம்மா வந்தாள். பாதையில் மூன்று பேரையும் டேப்பையும் பார்த்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது. கூடையைச் சுமைதாங்கிக்கு நகர்த்தாமல் தலையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

“இந்த அம்மாட்ட கேட்டேன்லா!” என்றார் உச்சிமாகாளி. “யாருக்கு வச்சதுன்னு கேட்டேன். பேசாம போயிட்டாக.”

இன்னாசி அவளைப் பார்த்தான். “கேட்டாராக்கா?”

“கேட்டாரு.”

“சொல்றதுக்கு இன்னா?”

“சொல்லணும்தான். வாய் வரல நைனா. தப்புதான். ரெண்டு வாரமா உங்கிட்ட சோத்த குடுக்கசொல்ல எல்லாம் சொல்லணும்னு பாத்தேன். அதுவும் வரல.” கழுத்து நரம்பு புடைத்திருந்தது. “இப்ப போவணும். கேட்டு போட்டுடுவான்.”

அவன் விலகி வழிவிட்டான். அவள் போய்விட்டாள்.

“பிரிச்சுக் கட்டிருதேன்” என்றார் உச்சிமாகாளி. “என் தப்பு, அந்த வேலைக்குக் கூலி வேண்டாம். ஆனா கல்ல மட்டும் நீங்களே பிடுங்கிருங்க. நான் தொட மாட்டேன்.”

“அதான் யாரும் சாவலன்னு சொல்றனே!”

“உசுரோட இருக்கவளுக்கு வச்சதப் பிடுங்கினா அது இன்னும் மோசம்லா.”

மறுநாள் கெங்கம்மா பாதைக்கு வரவில்லை. யாரும் வராதே என்று சொல்லவில்லை. அவளாகவே சுற்றிப் போனாள். இன்னாசியின் தூக்கை வாங்கும்போது ஐரீன், “ஏன்க்கா அந்தாண்ட போற?” என்று கேட்டதற்கு, “இனிமே அப்டித்தானே, காலு பயகட்டும்” என்றாள். காலையில் அரை மணி முந்தியே கிளம்பிப் பார்த்தாள். எந்த வீட்டிலும் சோறு வடித்திருக்கவில்லை. ரயில்வே கேட் போட்டாயிற்று. சங்கு ஊதியபோது அவள் கேட்டில் காத்து நின்ற லாரிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தபோது உள்ளே திரும்பப் பத்து நிமிஷம்தான் இருந்தது. பதினெட்டு பேரும் முணுமுணுத்துக்கொண்டே அள்ளிப் போட்டுக்கொண்டார்கள். இன்னாசி அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். பாதிச் சோற்றைத் தூக்கிலேயே மூடி வைத்துவிட்டு ஓடினான். சனிக்கிழமையும் அப்படியே. திங்கட்கிழமையும் அப்படியே.

“மூணு நாளா சோறு திரும்பி வருது” என்றாள் ஐரீன் திங்கட்கிழமை சாயங்காலம். “கூழாட்டம் கீது. நாய்க்கு வச்சேன்.”

“லேட்டா வந்தா நான் இன்னா பண்றது?”

“சமையக்கட்டு பெருசா வோணும்னு நான்தான் கேட்டேன். அதுல ஆக்கறத நாய் துன்றதுக்கா கேட்டேன்?”

“எம் பேர்ல முப்பது அடிக்குப் பத்திரம் கீதுடீ!”

“பத்திரத்த ஊறுகா போட்டு வையி.”

செவ்வாய்க்கிழமை தூக்கை வாங்க வந்த கெங்கம்மாவிடம் அவள் அதைக் கொடுக்கவில்லை. கையில் எடுத்துக்கொண்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, “நட, நானும் வர்றேன்” என்றாள்.

“உனக்கு இன்னா பைத்தியமா? வெயிலப் பாரு.”

“உனக்கு மட்டும் நெலாவா காயுது?”

இரண்டு பேரும் கெஜலட்சுமி நகரின் வாய் வழியாக வெளியே வந்தார்கள். சூளைப் புகை கண்ணைக் கரித்தது. ஒரு லாரி ஒதுங்க வழியில்லாமல் ஓரம் கட்ட, கூடையோடு சாக்கடை விளிம்பில் நின்றார்கள். நீலமேகம் நகரின் வாய்க்குள் புகுந்து, ஏழு வீடும் ஏறி இறங்கி, மூன்றாம் தெருக் கடைசிக்கு வந்தபோது எதிரில் ஐரீனின் புது வீட்டுச் செங்கல் சுவரும் அதற்கு அந்தப் பக்கம் அவள் குடியிருக்கும் தெருவும் தெரிந்தன. கிளம்பின இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில், ஒரு மைல் நடந்துவந்து நிற்கிறோம் என்று ஐரீனுக்கு அப்போதுதான் உறைத்தது. அங்கிருந்து திரும்பி ரயில்வே கேட்டுக்கு வந்தால், போட்டிருந்தது.

கூட்ஸ் வண்டி ஊர்ந்தது. ஐரீன் பெட்டிகளை எண்ணிப் பார்த்தாள். நாற்பதுக்கு மேல் விட்டுவிட்டாள்.

“கூடைய எறக்கேன்க்கா. நான் தூக்கிவிடறேன்.”

“வோணாம். ஏத்தி எறக்கினா கொழம்பு சாயும்.”

“எம்மேல கோவமா?”

“உம்மேல எதுக்குடீ? நான் பண்ணதுக்கு எம்மேலதான் கோவம். பதிமூணு வருசம் அவன் சோத்த தூக்கினவ, அவன் எடத்த வாய மூடிகினு தூக்கிட்டேன் பாரு.”

சங்கு ஊதியது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வெகு பக்கத்தில் கேட்டது. கெங்கம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

“எத்தினி அடி வோணும் உனக்கு?” என்றாள் ஐரீன்.

“இன்னாது?”

“நடக்கறதுக்கு. அளந்து சொல்லு.”

“வெளாடாத.”

“சொல்லுக்கா.”

கெங்கம்மா ஒரு கையால் கூடையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முழங்கையைப் பக்கவாட்டில் விரித்துப் பார்த்தாள். “கூட ரெண்டர அடி. எதிர்ல ஆள் வந்தா ஒதுங்கணும். மூணு போதும். அந்த அர அடிய நீ எட்த்துக்கோ, ஒரு அலமாரியாச்சும் வையி.”

ஐரீன் சிரித்தாள். வண்டியின் கடைசிப் பெட்டி போய், கேட் திறந்தது.

வேப்பமரத்தடியில் இன்னாசி, வெயிலில் சிவந்துபோன பெண்டாட்டியைத் தூக்கும் கையுமாகப் பார்த்துவிட்டு எழுந்து நின்றான். பிள்ளைகளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தானாம்.

“ஒண்ணும் ஆவல. துன்னு” என்றாள் ஐரீன். “பத்து நிமிசம் கீது. நான் நடந்து வந்தேன் பாரு, அது உன் முப்பது அடி.”

அவன் சாப்பிட்டான். மற்ற பதினேழு பேரும் அவனைப் பார்க்காமல் சாப்பிட்டார்கள். உள்ளே போகும்போது கெங்கம்மாவின் பக்கம் திரும்பி, “நாளைக்கு நேரா வாக்கா” என்றான். “கல்ல எவன் புடுங்குவான்? உலக் கசடு போட்டு நட்டது. நானே நெனச்சாலும் வராது.”

அன்றைக்குச் சாயங்காலமே ஐரீன் உச்சிமாகாளியைப் பிடித்துக்கொண்டாள். அகலத்தில் போன சமையற்கட்டை நீளத்தில் இழுத்தாள். ஆறரை அடிக்குப் பதினாறு. ரயில் பெட்டி மாதிரி இருக்கும் என்றார் அவர். இருக்கட்டும் என்றாள். ஜன்னல் வடக்கே, பாதையைப் பார்த்து, சுமைதாங்கிக்கு நேராக வரவேண்டும் என்றாள். உயரத்தைக் கேட்டதற்கு, கெங்கம்மாவை வரச்சொல்லி, கூடையைப் பலகையில் வைக்கச்சொல்லி, அதன் விளிம்புக்குச் சரியாகச் செங்கல்லில் கரிக்கோடு போட்டாள். ஜன்னலுக்கு வெளியே பாதைக்குள் அரை அடி நீட்டிக்கொண்டு ஒரு கடப்பைக் கல். அது கெங்கம்மா திருப்பிக் கொடுத்த அரை அடி.

வீடு ஆவணியில் முடிந்தது. மாதா கோயில் சாமியார் வந்து வீட்டை மந்திரித்தார். தண்ணீர் தெளித்துக்கொண்டே வீட்டைச் சுற்றி வந்தவர், பாதையில் சுமைதாங்கியைப் பார்த்து நின்று, அதற்கும் இரண்டு சொட்டுத் தெளித்தார். உச்சிமாகாளி ஒரு அடி தள்ளிக் கைகட்டி நின்றார். அதற்கு முந்தின நாள் அந்தக் கல்லுக்கு அவர் சொந்தச் செலவில் சுண்ணாம்பு அடித்திருந்தார். விருந்தில் பிரியாணி பரிமாறியபோது கெங்கம்மாவைப் பார்த்து, “நீங்க நல்லாருக்கணும் தாயி” என்றார். “கல்லு வச்சாச்சு, இனி உசுர விட வேண்டாம்.” அவர் விளையாட்டாகச் சொன்னாரா என்று கெங்கம்மாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

இன்னாசி மட்டும் ரொம்ப நாளைக்கு, வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் வடக்குச் சுவருக்கு அழைத்துப்போய், “மதில் வரைக்கும் நம்ம எடம்” என்று காட்டிக்கொண்டிருந்தான். அதற்குள் அந்த வழியாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போக ஆரம்பித்திருந்தார்கள். பால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். கெஜலட்சுமி நகரிலிருந்து நீலமேகம் நகருக்குப் பெண் கொடுத்தவர்கள் சீர்த்தட்டோடு வரிசையாக, ஒருத்தர் பின்னால் ஒருத்தராகப் போனார்கள். அண்ணனும் தம்பியும் கோர்ட்டில் இன்னொரு வழக்கு போட்டிருந்தார்கள்.

புது வீட்டில் குடிவந்த முதல் வேலை நாள், பதினொன்றேகால் மணிக்கு, பதினொரு சாப்பாடு எடுக்கவேண்டிய இடத்தில் இப்போது பத்து எடுத்துக்கொண்டு கெங்கம்மா பாதையில் வந்தாள். கூடையைப் பலகைக்கு நகர்த்தினாள். கடப்பைக் கல்லில் சிவப்புக் கிழிசல் கட்டிய தூக்கு தயாராக இருந்தது. ஜன்னலுக்கு உள்ளே, ரயில் பெட்டிச் சமையற்கட்டில், ஐரீன் முக்காலியில் உட்கார்ந்து மீன் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“நெத்திலிக் கொழம்பு, யக்கா. சாய்க்காம போ.”

“நான் எப்ப சாய்ச்சேன்?” என்றாள் கெங்கம்மா. தூக்கைக் கூடையில் செருகினாள். முழங்கை ஜன்னல் கல்லில் லேசாக இடித்தது. “இந்தாடீ, உன் அர அடி என் கைய இடிக்குது பாரு.”

“கைய மடக்கிகினு நட.”

கெங்கம்மா சிரித்துக்கொண்டே கூடையைத் தலைக்கு நகர்த்தினாள். நீலமேகம் நகரில் இன்னும் ஏழு இருந்தது. கேட் போட நேரம் இருந்தது.